கீழத்தெருவின் வண்டிப்பாதை

"மூணு மதமும் ஒண்ணா நின்னோம்மா. ரெண்டு வருஷம். எங்களுக்குள்ள ஒருநாள்கூட ஒரு வார்த்தை தடிக்கலை. அப்படியும் ஒரு உயிர் போயிடுச்சு. ஏன்?"

கனகசபாபதி கேட்டார்.

திலகாம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை. கிழவர் ஒருவரின் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு புண்ணைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அந்தப் பஞ்சை எடுங்க, சர்வேயர்."

எடுத்துக் கொடுத்தார்.

கனகசபாபதிக்கு அறுபத்து மூன்று வயது. நில அளவைத் துறையில் முப்பத்தைந்து வருடம் சங்கிலி பிடித்து ஓய்வு பெற்றவர். சிவன் கோயில் திருத்தொண்டர் சபையின் செயலாளர். திலகாம்மாவுக்கு நாற்பத்தைந்துகூட ஆகியிருக்காது. ஒரு காலத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸாக இருந்தவர். வேலையை விட்டுவிட்டு, ஆற்றோரம் பாழடைந்து கிடந்த சத்திரத்தைப் பெருக்கி மெழுகி, யாருமில்லாத நோயாளிகளை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கனகசபாபதியின் மனைவி கடைசி நாற்பது நாளும் அங்கேதான் கிடந்தாள். அவள் போன பிறகும் இவர் வாரம் தவறாமல் வந்துகொண்டிருந்தார். மகள் வயதுக்காரியை ஊரறியக் குரு என்று சொன்னார்.

திலகாம்மா அந்தச் சொல்லை ஏற்றதுமில்லை, மறுத்ததுமில்லை. வந்தால் ஒரு வேலை கொடுப்பார்.

"யாரு போனது?" என்றார் இப்போது.

"கீழத்தெரு முருகையன். தைலம்மை மகன்."

"எப்படி?"

கனகசபாபதி சொன்னார்.

அந்த ஊரில் கீழத்தெருக்காரர்களின் பிணம் ஊர்த்தெரு வழியாக வரக்கூடாது. சட்டத்தில் இல்லை, பழக்கத்தில் இருந்தது. அதனால் அவர்கள் வாய்க்காலில் இறங்கி, அக்கரை ஏறி, வரப்பில் நடந்து இடுகாட்டுக்குப் போவார்கள். கோடையில் முழங்கால் தண்ணீர். ஐப்பசியில் கழுத்துத் தண்ணீர். ஐப்பசியில் யாராவது செத்தால், தூக்குகிறவர்கள் பாடையைத் தலைக்குமேல் உயர்த்திப் பிடித்துக்கொண்டு ஒருவர் தோளை ஒருவர் முட்டிக்கொண்டு போவார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன்பு, இப்படிப் போன ஒரு பாடை பாதி வாய்க்காலில் சரிந்தது. அதை மூன்று பேர் பார்த்தார்கள். மூன்று பேருக்கும் அன்று சாப்பாடு இறங்கவில்லை.

ஒருவர் கனகசபாபதி. இன்னொருவர் மாதா கோயில் பங்குத்தந்தை தெயோபிலஸ். மூன்றாமவர் பள்ளிவாசல் ஜமாஅத் தலைவர் நத்தர்ஷா ராவுத்தர்.

அந்த வாரமே மூவரும் கூடி நல்லிணக்கக் குழு தொடங்கினார்கள். வாய்க்காலுக்கு ஒரு நடைபாலம் வேண்டும் என்பது கோரிக்கை. மனு எழுதினார்கள். மாவட்ட அலுவலகத்துக்கு மூவரும் ஒரே வேனில் போனார்கள். நோன்புக் காலத்தில் போனபோது ராவுத்தருக்காக மற்ற இருவரும் வழியில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. தாலுகா அலுவலக வாசலில் ஒரு பகல் முழுவதும் உட்கார்ந்தார்கள். மூன்று பேரும் கைகோத்து நிற்கும் படம் செய்தித்தாளில் வந்தது.

பாலத்துக்கு ஒப்புதல் ஆகிவிட்டது என்றார்கள். அளவெடுத்துப் போனார்கள். அப்புறம் கோப்பு எங்கேயோ படுத்துக்கொண்டது.

இந்த ஐப்பசியில் கீழத்தெருவில் ஒரு கிழவர் இறந்தார். பாடையின் முன்கொம்பைப் பிடித்தவன் முருகையன். முப்பத்து நான்கு வயது. பாடையை அக்கரையில் நின்றவர்கள் கையில் சேர்த்துவிட்டான். பிறகு அவனுக்குக் கால் நிலைக்கவில்லை.

மறுநாள் மதகடியில் கிடைத்தான்.

"அவனைப் புதைக்கவும் அதே வாய்க்காலைத்தாம்மா தாண்டினாங்க," என்றார் கனகசபாபதி. "நான் குடை பிடிச்சுக்கிட்டுக் கரையில நின்னேன்."

கிழவர் முனகினார். திலகாம்மா புண்ணில் சுற்றிய கட்டைச் சற்றுத் தளர்த்தினார்.

"பாலம் இல்லாம வேற வழியே இல்லையா?"

"ஊர்த்தெரு வழியா விடமாட்டாங்கம்மா. வெட்டுக்குத்து ஆயிடும்."

"நான் ஊர்த்தெருவைக் கேக்கலை."

கனகசபாபதி பஞ்சுப் பொட்டலத்தை மடித்தார்.

"எனக்கு உங்க ஊரு தெரியாது. வரைஞ்சு காட்டுங்க."

வாசலில் அப்போதுதான் தண்ணீர் தெளித்திருந்தது. மண் பதமாக இருந்தது. அவர் ஒரு குச்சியை எடுத்துக் குந்தி உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டே அந்த ஊரை வரையக்கூடியவர். வாய்க்காலைப் போட்டார். ஊர்த்தெருவைப் போட்டார். கீழத்தெரு. சிவன் கோயில். மாதா கோயில். பள்ளிவாசல். தெற்கே இடுகாடு.

கை தானாகவே போய்க்கொண்டிருந்தது. கீழத்தெருவின் முனையிலிருந்து ஒரு கோடு கிளம்பியது. கோயில் நந்தவனத்துக்குப் பின்பக்கம் போய், மாதா கோயில் கல்லறைத் தோட்டத்தை ஒட்டி வளைந்து...

குச்சி நின்றது.

"இது என்ன?" என்றார் திலகாம்மா.

"பழைய வண்டிப்பாதை."

"எங்க போகுது?"

"இடுகாட்டுக்கு."

"முழுசா வரைங்க."

வரைந்தார். கல்லறைத் தோட்டத்தைத் தாண்டி, பள்ளிவாசல் கடைகள் இருக்கும் இடத்தின் குறுக்கே ஓடி, வாய்க்கால் முடியும் முனையைச் சுற்றிக்கொண்டு, கோடு இடுகாட்டில் போய் முட்டியது. ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல்.

"இப்ப அந்தப் பாதை இருக்கா?"

"இல்லை. எங்க நந்தவனம் பின்னால நகர்ந்து வந்து ஒரு பகுதியை எடுத்துக்கிச்சு. மாதா கோயில் மதிற்சுவரைக் கட்டும்போது கொஞ்சம் தள்ளிக் கட்டிட்டாங்க. மிச்சத்துல பள்ளிவாசல் கடை. எல்லாம் நாப்பது அம்பது வருஷத்துச் சமாச்சாரம்."

"யாரோட இடம்?"

"யாரோடதும் இல்லை. பொதுப்பாதை. புறம்போக்கு. பன்னிரண்டு அடி அகலம்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

கனகசபாபதி குச்சியைக் கீழே வைத்தார்.

"நான்தாம்மா மறு அளவை செஞ்சேன். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால. அளந்து பார்த்தா மூணு இடமும் பாதையில ஏறி நின்னுச்சு. அப்ப இருந்த சபைத் தலைவர் வீட்டுக்கு வந்தார். 'சாமிக்குப் பூ பறிக்கிற இடம்பா' அப்படின்னார். அளவுகள் சரின்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டேன்."

"குழு தொடங்கினப்ப ஞாபகம் வரலையா?"

"முதல் நாளே வந்துச்சு."

"சொல்லலை."

"எப்படிம்மா சொல்றது? எங்க நந்தவனத்தை மட்டும் சொன்னாப் போதாதே. சுவரையும் சொல்லணும், கடையையும் சொல்லணும். சொன்ன அன்னைக்கே குழு உடைஞ்சிரும். மூணு மதமும் ஒண்ணா உக்கார்றது சாதாரணமா? அது உடைஞ்சிரக் கூடாதுன்னு பயந்தேன்."

"உடைஞ்சுதா?"

"இல்லை."

"நல்லா இருக்கா?"



திலகாம்மா எழுந்து கையைக் கழுவினார்.

"இதை அந்தப் பையனோட அம்மாகிட்டச் சொன்னீங்களா?"

"இல்லம்மா."

"பின்ன ஏன் என்கிட்டச் சொல்றீங்க?"

சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

*

அவர் நேரே கீழத்தெருவுக்குப் போயிருக்க வேண்டும். கால் போகவில்லை. மாதா கோயிலுக்குப் போனார்.

தெயோபிலஸ் அடிகளார் மறைக்கல்வி வகுப்புக்குப் பெஞ்சுகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். சின்ன உருவம். வேகமாகப் பேசுகிறவர். கனகசபாபதி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

அடிகளார் ஒரு பெஞ்சில் மெல்ல உட்கார்ந்தார்.

"எனக்கும் தெரியும் ஐயா."

"உங்களுக்கா?"

"இந்தப் பங்குக்கு வந்த வருஷமே தெரியும். பழைய குறிப்பேட்டுல எழுதியிருக்கு. கல்லறைத் தோட்டத்துக்குக் கிழக்கு எல்லை வண்டிப்பாதைன்னு. போய்ப் பார்த்தேன். பாதையைக் காணோம். எங்க சுவருதான் இருந்துச்சு."

"ஏன் ஃபாதர் ஒரு வார்த்தை சொல்லலை?"

"சொன்னா உங்க நந்தவனமும் வெளியில வரும். கோயில் இடத்துல பாதிரியார் கை வைக்கிறாருன்னு பேச்சாயிரும். அதோட..." அடிகளார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்தச் சுவரோரம் படுத்திருக்கிறவங்க எல்லாம் பெரிய வீட்டுக்காரங்க. அவங்க பிள்ளைங்கதான் என் பங்குப் பேரவையில உக்கார்ந்திருக்காங்க. அவங்களுக்கும் பயந்தேன். உங்க மேல இருந்த மரியாதைன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்."

இருவரும் ராவுத்தர் வீட்டுக்குப் போனார்கள். அவர் மாலை அஸர் தொழுகையை முடித்துவிட்டு வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தார். இவர்கள் வந்த முகத்தைப் பார்த்ததுமே எழுந்தார்.

கனகசபாபதி இரண்டாவது வாக்கியத்தைத் தொடங்குவதற்குள் கையை உயர்த்தினார்.

"வண்டிப்பாதையா?"

"ஆமா."

"எங்க அத்தா கட்டின கடைங்க அது. பள்ளிவாசலுக்கு எழுதி வெச்சார். அவர் சாகும்போது என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னார், 'நத்தரு, அது பாதைடா' அப்படின்னு. இருபத்தொரு வருஷமாச்சு."



"சொல்லியிருக்கணும்," என்றார் ராவுத்தர். "கடையை இடிச்சா, பள்ளிவாசலை இடிக்கிறாங்கன்னு வெளியூர்ல வதந்தி கிளம்பும். கலவரம் ஆயிரும்னு நினைச்சேன். பாலம் வந்துட்டா யாருக்கும் ஒண்ணும் போகாது. எல்லாரும் நல்லவங்களாவே இருந்துரலாம்."



ராவுத்தரின் மருமகள் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். அது ஆடை கட்டிப்போனது.

"தைலம்மைகிட்டச் சொல்லணும்," என்றார் கனகசபாபதி.

"வெறுங்கையோடயா?" என்றார் அடிகளார்.

*

பாதையைத் திறந்த பிறகு போய்ச் சொல்வதென்று முடிவானது.

இரண்டு வருடம் மனு எழுதியதைவிட அது கடினமாக இருந்தது. மனு எழுதியபோது ஊர் அவர்களைப் பாராட்டியது. இப்போது திட்டியது.

சபைக் கூட்டத்தில் ஒருவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"சாமியோட நந்தவனத்தை விட்டுக்கொடுக்க நீர் யாரய்யா?"

"அளந்தவன்," என்றார் கனகசபாபதி.

அன்றே அவரைச் செயலாளர் பதவியிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆனால் பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய தன் தவறை அவரே எழுதிக் கையெழுத்திட்டு தாசில்தாரிடம் கொடுத்திருந்தார். மறு அளவைக்கு உத்தரவு வந்துவிட்டது. எதிர்த்தவர்களுக்கு அதற்குமேல் செய்ய ஒன்றுமில்லை.

மாதா கோயில் பேரவையில் நான்கு பேர் ராஜினாமா செய்தார்கள். அடிகளார் சுவரின் முதல் கல்லைத் தானே பெயர்த்தார். இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். மாலைக்குள் பதினைந்து பேர் ஆனார்கள்.

பள்ளிவாசல் கடைகள் ஐந்து. நான்கு கடைக்காரர்கள் ராவுத்தர் வேறு இடம் கொடுத்ததும் போய்விட்டார்கள். ஐந்தாமவர் நீதிமன்றத்தில் தடை வாங்கினார். அதனால் அந்த ஒரு முனையில் மட்டும் பாதை பன்னிரண்டு அடி இல்லை. ஐந்தடிதான்.

ஐந்தடியில் ஒரு பாடை போகும். கனகசபாபதி அளந்து பார்த்தார்.

அளவுக்கல்லை அவரே நட்டார். சங்கிலியின் மறுமுனையை அடிகளார் பிடித்தார். ராவுத்தர் வெயிலில் நின்று எண்ணைக் கூவினார். நந்தவனத்துப் பிச்சிக்கொடிகளை வேரோடு எடுத்து மறுபக்கம் வைத்தார்கள். பாதி பிழைத்தது.

உத்தரவு வந்த பிறகு எல்லாம் முடிய ஒன்பது நாள் ஆனது.

கடைசி நாள் கனகசபாபதி அந்த வழியை முழுவதும் நடந்து பார்த்தார். கீழத்தெரு முனையிலிருந்து இடுகாடு வரை நானூற்றுப் பத்து அடி. செருப்பு நனையவில்லை. முருகையனை மூடிய மண் இன்னும் ஈரம் காயாமல், சுற்றியிருந்த மண்ணைவிடக் கறுப்பாகத் தெரிந்தது. அதன் பக்கத்தில் நிற்க முடியாமல் திரும்பினார்.

அதற்குள் யாருடைய ஆடுகளோ நான்கைந்து அந்தப் பாதையில் ஏறி வந்துகொண்டிருந்தன.

*

மறுநாள் காலை மூவரும் கீழத்தெருவுக்குப் போனார்கள்.

தைலம்மை வாசலில் உட்கார்ந்து தென்னங்கீற்று முடைந்துகொண்டிருந்தார். பக்கத்தில் மருமகள். முருகையனின் இரண்டு பெண் பிள்ளைகள் முடைந்த கீற்றை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். இவர்களைப் பார்த்ததும் பெரியவள் உள்ளே ஓடிப்போய்ப் பாயை எடுத்துவந்து விரித்தாள்.

மூவரும் உட்காரவில்லை.

"பாதை திறந்தாச்சு," என்றார் அடிகளார்.

"பாத்தங்கய்யா," என்றார் தைலம்மை. "நல்லாயிருக்கு."

கை நிற்கவில்லை. ஒரு ஓலையை மேலே, ஒரு ஓலையைக் கீழே என்று போய்க்கொண்டிருந்தது.

கனகசபாபதி முன்னால் வந்தார். இத்தனை வருடமாக அவர் தைலம்மையைப் பெயர் சொல்லி வா போ என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். இப்போது நாக்கு எழவில்லை.

"அம்மா," என்றார்.

தைலம்மை நிமிர்ந்து பார்த்தார்.

"இப்படி ஒரு பாதை இருந்தது எனக்குத் தெரியும். பன்னிரண்டு வருஷமாத் தெரியும். நான்தான் மறைச்சேன். ஃபாதருக்கும் தெரியும். ராவுத்தருக்கும் தெரியும். வாய்விட்டுச் சொல்லியிருந்தா உங்க மகன் இருந்திருப்பான். அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தோம். என்ன வேணாலும் சொல்லுங்க. கேட்டுக்கிறோம்."

மருமகளின் கை நின்றுவிட்டது. தைலம்மையின் கை நிற்கவில்லை.

"எங்களுக்கும் தெரியுங்கய்யா."

"என்னது?"

"பாதை இருந்தது தெரியும். நான் கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்த வருஷம் எங்க மாமியா செத்தாங்க. அந்த வழியாத்தான் தூக்கிட்டுப் போனோம். பின்னால ஒவ்வொண்ணா வந்துச்சு. எங்க மாமனாரு போய்க் கேட்டாரு. அடிச்சு அனுப்பினாங்க. அதுக்கப்புறம் யாரும் கேக்கலை."

"தெருவுல எல்லாருக்கும் தெரியுமா?"

"சின்னப் பிள்ளைங்களைத் தவிர."

ராவுத்தர் பாயின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"ரெண்டு வருஷம், தாயி," என்றார். "எத்தனை கூட்டம் போட்டோம். நீங்களும் வந்து உக்காந்திருந்தீங்களே. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, எங்க மூஞ்சிக்கு நேரே கேட்டிருக்கலாமே."

தைலம்மை கீற்றின் ஓரத்தை மடக்கி இறுக்கினார். பல்லால் கடித்து நுனியை அறுத்தார். அதை அடுக்கின்மேல் வைத்துவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார்.

"கேக்கத்தாய்யா இருந்தேன். முதக் கூட்டம் இங்கதான போட்டீங்க, இந்தப் பூவரசடியில? மூணு பேரும் ஒரே பாயில உக்காந்தீங்க. எங்க வீட்டுத் தண்ணிய வாங்கிக் குடிச்சீங்க. இதைக் கேட்டுர வேண்டியதுதான்னு நான் எழுந்திரிச்சேன். முருகையன்தான் சேலையைப் புடிச்சு இழுத்து உக்கார வெச்சான்."

"ஏன்?" என்றார் கனகசபாபதி.

"'கேக்காதம்மா'ன்னான். 'இப்பதான் வந்திருக்காங்க. அதைக் கேட்டா எழுந்திரிச்சுப் போயிருவாங்க'ன்னான்."